வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேறு நாட்டவரோடு கல்யாணம் ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது, இனி எப்போது ஒரே வீட்டில் இருப்போம்? ஆகவே இந்த இதழை முழுக்கக் குடும்ப விசாவுக்கே ஒதுக்கிவிட்டேன். நானும் இந்த வழியில் நடந்தவள்தான். என் கணவருக்காகப் போட்ட முதல் மனு நிராகரிக்கப்பட்டது. பதினொரு மாதம் கழித்து இரண்டாவது மனுவில்தான் அவர் வந்து சேர்ந்தார்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். கடிதங்களில் பெரும்பாலானவை அழைப்பவர்கள் எழுதியவை. வந்து சேரப்போகிறவர் எழுதியவை ஒன்றிரண்டுதான். வேலை, வீடு, மொழி, சொந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவது அவர். அதனால் என் பதில்களில் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்திருப்பேன். விதிகளும் தொகைகளும் அடிக்கடி மாறுகிறவை, மனு போடும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். எனக்கு நிச்சயமான பெண் வேறு நாட்டில் இருக்கிறார். சுற்றுலா விசாவில் வரவழைத்து, இங்கேயே கல்யாணம் செய்து அப்படியே தங்கவைத்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. விசா வாங்கும்போதும், விமான நிலையத்தில் இறங்கும்போதும் "எதற்காக வருகிறீர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள்" என்று கேட்பார்கள். அப்போது கவுன்டர் முன்னால் நிற்கப்போவது நீங்கள் இல்லை, அவர். தங்கும் திட்டத்தோடு வந்துவிட்டு "சுற்றிப் பார்க்க" என்று அவர் சொன்னால் அது பொய்த் தகவல். அப்படி ஒரு முடிவு அவர் மேல் பதிவானால் காலக்கெடுவே கிடையாது, தனியாக விலக்கு மனு போட்டு அது கிடைத்தால் ஒழிய அமெரிக்காவுக்குள் வர முடியாது. நண்பர்கள் யாரும் அதற்குப் பொறுப்பேற்கப்போவதில்லை.

நேர்வழி இரண்டு இருக்கிறது. ஒன்று கே-1 என்கிற நிச்சயதார்த்த விசா. மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், அவர் வந்து இறங்கிய 90 நாளுக்குள் உங்களையே கல்யாணம் செய்ய வேண்டும். இன்னொன்று, முதலில் கல்யாணம் செய்துகொண்டு, துணையை அழைப்பதற்கான ஐ-130 மனு போடுவது. நீங்கள் குடிமகன் என்பதால் உங்கள் மனைவிக்கு வருடாந்திர ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களின் துணைக்கு அந்த வரிசை உண்டு.

எது நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. கே-1 வழியில் வந்தால் கல்யாணத்துக்குப் பிறகு கிரீன் கார்டுக்கு மறுபடி ஒரு மனு போட வேண்டும், வேலை அனுமதி கைக்கு வரும்வரை அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், இடையில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட முன் அனுமதி வாங்காமல் கிளம்ப முடியாது. ஐ-130 வழியில் வருபவர் நிரந்தரக் குடியிருப்பாளராகவே வந்து இறங்குகிறார், மறுநாளே வேலை தேடலாம். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாமல் வந்தால் முதல் கார்டு இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று நிபந்தனையோடு கிடைக்கும், அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் இருவருமாகச் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

கேள்வி: நாலு வருடக் காதல், ஆறு மாதம் முன்பு கல்யாணம். உறவு உண்மையானது என்று நிரூபிக்க என்ன கொடுப்பது? எங்களிடம் வாட்ஸ்அப் உரையாடலே ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் அச்செடுக்கவா?

பதில்: எடுக்காதீர்கள். ஆயிரம் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை, அதற்குள் முக்கியமான இரண்டு காகிதம் புதைந்துபோகும்.

என் முதல் மனு ஏன் விழுந்தது தெரியுமா? பாசம் குறைவாகத் தெரிந்ததால் இல்லை, தேதி இடித்ததால். "எப்போது சந்தித்தீர்கள்" என்ற இடத்தில் நான் அக்டோபர் என்று எழுதினேன், அவர் டிசம்பர் என்று எழுதினார். நான் எழுதியது முதல்முதலாக இணையத்தில் பேசிய மாதம். அவர் எழுதியது ரயில் நிலையத்தில் நேரில் பார்த்த மாதம். இரண்டும் உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது இரண்டு வேறு கதை. அதோடு சேர்ந்து, இடையில் ஐந்து மாதம் நாங்கள் சந்தித்துக்கொண்டதற்கான தடயம் எதுவும் நாங்கள் கொடுத்த ஆவணங்களில் இல்லை (அந்த ஐந்து மாதமும் அவர் அப்பா மருத்துவமனையில் இருந்தார், அதை நாங்கள் எங்கேயும் எழுதவில்லை). நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இரண்டும்தான் காரணமாக இருந்தன.

இரண்டாவது தடவை போடும்போது ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் அவர் அங்கே, நான் இங்கே, மாதம் மாதமாக நகர்ந்தோம். இந்த மாதம் யார் யாரைப் பார்க்க வந்தோம், டிக்கெட் எங்கே, எந்த விடுதி, யார் வீட்டில் சாப்பிட்டோம். ஒரு பக்கத்துக்குக் காலவரிசை எழுதினோம், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரத்தின் எண்ணைப் போட்டோம். நேரில் பார்க்காத மாதங்களுக்கு ஏன் பார்க்கவில்லை என்று ஒரே வரி, அப்பாவின் மருத்துவமனைச் சீட்டின் நகல். மொத்தக் கட்டும் முதல் தடவையில் பாதிதான் இருந்தது.

எதைச் சேர்ப்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விதி நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன், எந்த நாட்டுக்குப் போனாலும் அது உதவும். அவர்கள் நான்கு பக்கமாகப் பார்க்கிறார்கள்: பணத்தை எப்படிப் பகிர்கிறீர்கள், வீட்டை எப்படி நடத்துகிறீர்கள், உறவினரும் நண்பர்களும் உங்களை ஜோடியாக ஏற்றிருக்கிறார்களா, ஒருவருக்கொருவர் நீண்டகாலம் சேர்ந்திருக்கும் உறுதி இருக்கிறதா. பணம் அனுப்பிய ரசீது, இருவர் பெயரும் உள்ள வாடகைப் பத்திரம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், காப்பீட்டில் வாரிசாகப் போட்ட பெயர், போர்டிங் பாஸ். புகைப்படம் என்றால் நீங்கள் இருவர் மட்டும் நிற்கும் ஐம்பது படத்தைவிட இருவர் குடும்பத்தாரும் சேர்ந்து நிற்கும் ஐந்து படம் மேல், பின்னால் தேதியும் இடமும் நிற்பவர்களின் உறவுமுறையும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் மாதத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், தேதி தெரிகிற மாதிரி. கொஞ்சல் வேண்டியதில்லை. "மின்சார பில் கட்டிவிட்டாயா" என்று கேட்ட செய்தி இருந்தால் அதைத் தேடி எடுங்கள், சேர்ந்து வாழ்கிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

கேள்வி: நான் பிரிட்டனில் பிறந்தவள். கணவரை அழைக்க வருடம் 29,000 பவுண்டு சம்பளம் வேண்டும் என்கிறார்கள். என் சம்பளம் 26,500தான். அவருக்கு அவர் நாட்டில் என்னைவிட நல்ல சம்பளம். அதைச் சேர்த்துக் காட்டலாமா?

பதில்: இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சேர்க்க முடியாது. அவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு மனு போடும்போது அங்கே அவர் வாங்கும் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2012 ஜூலையில் இந்த வரம்பு வந்தபோது 18,600ஆக இருந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கிவிட்டார்கள். ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ஏற்றினால் செவிலியர் உதவியாளரும் கடைச் சிப்பந்தியும் எங்கே போவார்கள்? இந்த விதி எனக்கு நியாயமாகவே படவில்லை, சம்பளம் குறைந்தவருக்கும் குடும்பம் உண்டு. (அந்தத் தேதிக்கு முன்பே துணை விசா வாங்கி அதே துணையோடு நீட்டிப்பவர்களுக்குப் பழைய வரம்புதான்.)

சரி, உங்களுக்கு வழி என்ன? சேமிப்பு. இருவரின் சேமிப்பையும் இதற்குக் காட்டலாம், அவர் பெயரில் அங்கே இருப்பதும் சேரும். கணக்கு இப்படி: முதல் 16,000 பவுண்டை ஒதுக்கிவிட வேண்டும், அதற்கு மேல் இருப்பதை 2.5ஆல் வகுத்தால் வருவதுதான் வருமானமாகச் சேரும். உங்களுக்குக் குறைவது 2,500. அதை 2.5ஆல் பெருக்கினால் 6,250. ஆக 22,250 பவுண்டு ஆறு மாதம் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 வேண்டும். மாமனார் கடைசி வாரத்தில் கைமாற்றாகப் போட்ட பணம் எடுபடாது. உங்களுக்கு மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ வந்தால் இந்த 29,000 வரம்பே பொருந்தாது, குடும்பம் நடத்தப் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்று, வரம்பைத் தாண்டியவர்களே கோட்டைவிடும் இடம். ஆறு மாத பேஸ்லிப்பையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பாருங்கள். பேஸ்லிப்பில் இருக்கும் கைக்கு வரும் தொகை ஸ்டேட்மென்ட்டில் பைசா மாறாமல் இருக்கிறதா? ஒரு மாதம் போக்குவரத்துச் செலவைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், தொகை மாறியிருக்கும். அப்படியிருந்தால் உங்கள் அலுவலகத்திடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்கி இணையுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், கேட்காமலே நிராகரித்துவிடலாம்.

நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு, குடும்ப வாழ்க்கைக்கான மனித உரிமை அடிப்படையில் போகலாம். குழந்தை இருந்தால் இது முக்கியம். 2017ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வருமான வரம்பு இருக்கலாம் என்று சொன்னாலும், குழந்தைகளின் நலனை விதிகள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் விதிவிலக்கான சூழலில் வேறு வருமானங்களையும் பார்க்கும் ஏற்பாடு வந்தது.

கேள்வி: எங்களுக்கு வருமானம் போதாததால் என் மாமாவிடம் அமெரிக்க விசாவுக்கு ஜாயின்ட் ஸ்பான்சராக, அதாவது எங்களோடு சேர்ந்து பணப் பொறுப்பேற்பவராக, ஐ-864 படிவத்தில் கையெழுத்துக் கேட்டோம். "சும்மா ஒரு ஃபார்ம்தான் மாமா" என்று சொல்லியும் தயங்குகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மாமாவுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. புரியாதது உங்களுக்குத்தான், மன்னியுங்கள். ஐ-864 சும்மா ஃபார்ம் இல்லை, சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். வருகிறவரை வறுமைக் கோட்டு வருமானத்தின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் தாங்குவேன் என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். உங்களுக்கு விவாகரத்தே ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது. அது தீர, வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போக வேண்டும், அல்லது வந்தவரோ மாமாவோ இறக்க வேண்டும். இதையெல்லாம் மாமாவிடம் உள்ளபடி சொல்லி, யோசிக்க ஒரு மாதம் கொடுங்கள். அப்புறம் அவர் சம்மதித்தால் அது பெரிய உதவி, மறுத்தாலும் அவர் மேல் தவறில்லை.

கனடாவில் துணையை மட்டும் அழைப்பதற்கு அநேகமாக வருமான வரம்பு கிடையாது. ஆனால் அங்கேயும் துணைக்காக மூன்று வருடப் பொறுப்பு எழுதித் தர வேண்டும், பிரிந்துவிட்டோம் என்பதால் அது நின்றுபோகாது.

கேள்வி: கணவர் ஜெர்மன் குடிமகன். எனக்கு ஏ1 ஜெர்மன் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார்களா? நாற்பத்தாறு வயதில் பரீட்சை என்றாலே கை நடுங்குகிறது.

பதில்: நடுங்குவது எனக்குப் புரிகிறது. பொதுவாக விடமாட்டார்கள், புறப்படும் முன்பே காட்ட வேண்டும். விலக்கு இருப்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் ப்ளூ கார்டில் (உயர்படிப்புப் படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை செய்பவரின் துணைக்குத் தேவையில்லை. வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனாக இருந்து ஜெர்மனியில் வாழ்பவரின் துணைக்கும் தேவையில்லை. ஜெர்மன் குடிமகனின் மனைவிக்கு வேண்டும்! சொந்தக் குடிமகனுக்குக் கடுமையும் அடுத்தவனுக்குத் தளர்வும் ஏன் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உடல்நலக் காரணத்தால் கற்க முடியாதவர்களுக்கும் விலக்கு இருக்கிறது, மருத்துவச் சான்று வேண்டும்.

ஏ1 என்பது ஆக முதல் படி. உங்கள் பெயர், வயது, முகவரி சொல்வது, அதை எழுத்துக் கூட்டிச் சொல்வது, மணி கேட்பது, ஒரு சின்னப் படிவத்தை நிரப்புவது, மூன்று வரியில் ஒரு கடிதம். தினமும் இரவு கணவரோடு பேசுகிறீர்கள் அல்லவா, அதில் முதல் பதினைந்து நிமிடம் ஜெர்மனில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு மட்டுமில்லை, அங்கே போனபின் மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று நீங்களே சொல்ல அது உதவும்.

கேள்வி: எனக்கு முன்பு ஒரு கல்யாணமாகி விவாகரத்தாகி, ஒரு மகன் அவன் அப்பாவிடம் இருக்கிறான். என்னை ஸ்பான்சர் செய்பவருக்கு இது தெரியும். கனடா மனுவில் மகனைப் பற்றி எழுதினால் தாமதமாகும், விட்டுவிடு என்று ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள். உங்களோடு வருகிறானோ இல்லையோ மகனின் பெயரை எழுத வேண்டும், அவர்கள் சொல்லும் மருத்துவப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இன்று மறைத்துவிட்டால், பின்னால் அவன் "அம்மாவிடம் வரேன்" என்று கேட்கும் நாளில் குடும்ப வகையில் அவனை நீங்கள் ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகும், கனடாவின் விதி அப்படித்தான் இருக்கிறது. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை வேறு. பிரிட்டனில் ஏமாற்றுக்குப் பத்து வருடம் வரை தடை. ஏஜென்ட் நிரப்பிய படிவமாக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது, அதனால் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முந்தைய விசா நிராகரிப்பும் இதே மாதிரிதான், நிராகரிப்பு இருந்தது என்பதைவிட மறைத்தது என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கேள்வி: நாங்கள் இரண்டு ஆண்கள், எட்டு வருடமாக ஜோடி. எங்கள் இருவரின் நாடுகளிலும் கல்யாணம் செய்ய வழியில்லை. எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பிருக்கிறது. அவரை எப்படியாவது கூடவே அழைத்துப்போக முடியுமா?

பதில்: முடியும், நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமையை ஏற்கவில்லை, அதனால் துணை என்ற பெயரில் அங்கே விசா வழி இல்லை. கனடாவில் ஒரு வருடம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும். கல்யாணமும் செய்ய முடியாமல் சேர்ந்தும் வாழ முடியாமல் இருப்பவர்களுக்கென்றே, குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் ஸ்பான்சர் செய்யத் தனி வகை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் முன்பு இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது, 2024ல் அதைத் தளர்த்தி, கல்யாணத்துக்கு நிகரான உறவில் இரண்டு வருடம் இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். அமெரிக்கா கல்யாணத்தைத்தான் கேட்கும், ஆனால் இருவரும் ஆண்களாகவோ பெண்களாகவோ இருப்பது 2013 முதல் தடையில்லை, கல்யாணம் செல்லுபடியாகும் ஒரு நாட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தாலும் ஏற்பார்கள். ஐரோப்பாவில் 2018ல் ஒன்றிய நீதிமன்றம் ஒரு ருமேனியரும் அவருடைய அமெரிக்கக் கணவரும் தொடுத்த வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒன்றியத்துக்குள் சட்டப்படி கல்யாணம் செய்த ஒன்றியக் குடிமகனின் துணைக்கு, அத்தகைய கல்யாணத்தை நடத்திவைக்காத ஒன்றிய நாடும் வசிக்கும் உரிமையை மறுக்க முடியாது.

எட்டு வருடம் மறைத்து வாழ்ந்தவர்களிடம் "ஆதாரம் கொடு" என்றால் எங்கே போவீர்கள் என்பது எனக்குத் தெரிகிறது. குடும்பத்துக்குத் தெரியாது என்றால் அதையே எழுதுங்கள், ஏன் தெரியாது என்றும் எழுதுங்கள். தெரிந்த நண்பர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள், அவர்களிடம் கடிதம் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசா. மனைவி அதோடு கிடைக்கும் ஹெச்-4 துணை விசாவில் வந்தால் வேலை செய்யலாமா?

பதில்: உங்கள் கிரீன் கார்டுக்காகப் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால் அவர் தனி வேலை அனுமதிக்கு மனு போடலாம், 2015 மே மாதம் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இல்லையென்றால் பொதுவாக முடியாது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? எம்.டெக். படித்துவிட்டு வந்து நாலு வருடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: கணவரின் விசாவில் பிரிட்டன் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அவர் இந்த நாட்டுக் குடிமகன். கோபம் வந்தால் அடிக்கிறார். யாரிடமாவது சொன்னால் "உன் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறார். என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. அவர் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து வைத்து இரண்டு நாள் விசாரித்து எழுதுகிறேன். அவரால் உங்கள் விசாவை ரத்து செய்ய முடியாது. உறவு முடிந்துவிட்டது என்று அரசுக்கு எழுத மட்டும்தான் முடியும், முடிவு எடுப்பது அரசு. பிரிட்டன் குடிமகனின் துணையாக வந்து அடிபட்டு உறவு முறிந்தவர்கள், ஐந்து வருடம் காத்திருக்காமல் உடனே நிரந்தரமாகத் தங்க மனு போடலாம். கையில் பணமில்லாமல் வெளியேறுகிறவர்களுக்கு முதலில் மூன்று மாதச் சலுகை அனுமதி வாங்கும் வழி இருக்கிறது, அந்தக் காலத்தில் வேலை செய்யலாம், அரசு உதவியும் பெறலாம். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் மொழியில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதே கொடுமையின் ஒரு பகுதிதான், அது கையில் இல்லை என்பதற்காக வெளியேறத் தயங்க வேண்டாம். முடிந்தால் பாஸ்போர்ட் எண், விசா விவரம், கல்யாணச் சான்றிதழ் இவற்றின் படத்தை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அடிபட்ட அடையாளம் இருந்தால் மருத்துவரிடம் போய் எப்படி ஏற்பட்டது என்று உள்ளபடி சொல்லுங்கள், அவர் எழுதிவைக்கும் குறிப்பு நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

வேறு நாடுகளில் இதே நிலையில் இருப்பவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். அமெரிக்காவில் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணை, 1994ல் வந்த சட்டத்தின் கீழ் கணவருக்குத் தெரியாமலே தானாக மனு போடலாம், அந்தத் தகவலை அதிகாரிகள் அவரிடம் சொல்லக்கூடாது. ஆண்களும் போடலாம். இரண்டு வருட நிபந்தனை கார்டில் இருப்பவர்கள் ஐ-751ஐத் தனியாகப் போட்டு விலக்குக் கேட்கலாம். கனடாவில் நிரந்தர அனுமதியோடு வந்தவரைத் துணை எதுவும் செய்ய முடியாது, இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்றிருந்த நிபந்தனையையும் 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தபின் தனி உரிமை வரும், வன்முறை இருந்தால் அந்த மூன்று வருடத்தையும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் துணை விசாவில் இருப்பவர்களுக்கு வன்முறைக்கான தனி விதி உண்டு.

கேள்வி: என் கணவர் வெளிநாட்டவர். நாங்கள் இந்தியாவிலேயே குடியிருக்க விரும்புகிறோம். இந்தியரின் துணைக்கு நீண்டகாலம் தங்க அனுமதி தரும் ஓசிஐ கார்டு உடனே கிடைக்குமா?

பதில்: உடனே கிடைக்காது. கல்யாணம் பதிவாகி, மனு போடும் நாளுக்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும், அதோடு பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. அதுவரை துணைக்கான நுழைவு விசாவில் வரலாம். அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள், விருந்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதென்றால் 30 நாள் நோட்டீஸ் காலத்தைக் கணக்கில் சேருங்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமை அவருக்கோ அவர் பெற்றோர், தாத்தா பாட்டிக்கோ இருந்திருந்தால் ஓசிஐ கிடைக்காது. கார்டு வந்தபின் வேலை செய்யலாம், ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. விவாகரத்தானால் கார்டை ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இதை அவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பதினான்கு மாதப் பிரிவுக்குப் பிறகு அடுத்த வாரம் என் மனைவி வருகிறார். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது! கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாம் அசலாகக் கைப்பையில் வரட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். தடுப்பூசிச் சீட்டும் அவர் சாப்பிடும் மருந்தின் சீட்டும் கூடவே. ஓட்டுநர் உரிமத்தை மறக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், பல நாடுகளில் சில மாதம் அதை வைத்தே ஓட்டலாம்.

முதல் வாரத்திலேயே அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அவர் பெயரில் ஒரு போன் எண். வாடகைப் பத்திரத்தில் அவர் பெயரைச் சேர்க்க வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள், அடுத்த நீட்டிப்புக்கு அது ஆதாரமாகவும் ஆகும். வீட்டுச் சாவி இரண்டாவது ஒன்று செய்தாயிற்றா? என் கணவர் வந்த அன்று நான் அதை மறந்துவிட்டேன். மறுநாள் நான் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை, வெளியே போனால் உள்ளே வர முடியாதே என்று. பாஸ்போர்ட்டை உங்கள் அலமாரியில் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்காதீர்கள், அது அவர் பையிலேயே இருக்கட்டும்.